மலர் வேலை தொடங்கும் முன்

கோவில்பட்டி,
30.11.2025

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நினைவு மலர் போடும் பொறுப்பைத் தலைமையாசிரியர் உன் தலையில் வைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்.

தேதியிலிருந்து தொடங்கு. மார்ச் 2-ல் பொதுத்தேர்வு. கடைசிப் பரீட்சை அன்று மலரைக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. எல்லாக் குரூப்புக்கும் ஒரே நாளில் பரீட்சை முடிவதில்லை. உயிரியல் படிக்கிறவன் ஒரு நாள் முடிப்பான், கணக்குப்பதிவியல் படிக்கிறவள் வேறொரு நாள் முடிப்பாள். பாதிப் பேருக்குப் புத்தகம் போய்ச் சேராது, மீதி அலுவலக பீரோவில் கிடக்கும். தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட் வாங்க எல்லாரும் வந்தாக வேண்டும் அல்லவா, அந்த நாள்தான் சரி. எந்த நாள் என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டு வை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணு. அச்சுக்கும் பைண்டிங்குக்கும் பத்து நாள், இரண்டு புரூஃப் (பிழை பார்க்க எடுக்கும் மாதிரி அச்சு) பார்க்கப் பத்து நாள், பக்கங்களை வடிவமைத்துக் கட்ட ஒரு வாரம். ஜனவரியில் திருப்புதல் தேர்வும் பொங்கலும் இருக்கின்றன, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஆகவே பெயர்ப் பட்டியலும் குரூப் போட்டோவும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிய வேண்டும். எழுத்து முழுவதும் ஜனவரி முதல் பத்து நாளில் உன் கைக்கு வர வேண்டும். இறுதிப் பிடிஎஃப் பிப்ரவரி 5-க்குள் அச்சகத்துக்குப் போகவில்லை என்றால் சொன்ன நாளில் புத்தகம் வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர்கள். கட்டுரையில் பிழை இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்தப் புத்தகமே வேண்டாம் என்று ஆகிவிடும். எமிஸில், அதாவது அரசின் மாணவர் விவரத் தளத்தில், இருக்கும் தமிழ்ப் பெயரை அப்படியே எடுத்து ஒட்டாதே. அங்கே பல பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து திரும்பித் தமிழுக்கு வந்தவை. முத்துலெட்சுமி முத்துலக்ஷ்மி ஆகியிருப்பாள், பேச்சியம்மாள் பெச்சியம்மல் ஆகியிருப்பாள், இசக்கி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு நீளத்தாளில் வரிசை எண் போட்டு, ஒவ்வொருவரும் தன் கையாலேயே பெயரைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். முன்னெழுத்தும் தமிழில் இருக்கட்டும். தகப்பனார் கருப்பசாமி என்றால் ‘க.’, ‘கே.’ அல்ல. அந்தத் தாளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள். புரூஃபில் சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த வருடப் பட்டியலோடு நிறுத்திவிடாதே. உன் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது. 2019-20 ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் சேர்க்கைப் பதிவேட்டையும் எடுத்து, இப்போதைய நாமினல் ரோலோடு (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) ஒப்பிட்டுப் பார். ஊரடங்கில் பிழைப்புத் தேடிப் போன குடும்பத்துப் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் போனவர்கள், நடுவில் நின்றுபோனவர்கள், காலமானவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். ‘எங்களோடு படித்தவர்கள்’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி, பெயரும் எந்த வகுப்பு வரை என்பதும் மட்டும் போடு. ஏன் நின்றார்கள் என்று எழுத வேண்டாம். கல்யாணம் ஆகி நின்ற பெண் பிள்ளையின் காரணத்தை அச்சில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. பதினொன்றில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களையும் கவனி. அவர்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மலர் முழுக்க ஆறாம் வகுப்புக் கதையாகவே போய்விடும். பழைய பள்ளியைப் பற்றி அவர்கள் எழுதட்டும், அதுவும் இந்த வகுப்பின் கதைதான்.

இனி உள்ளே என்ன போடுவது. ‘பள்ளி வாழ்க்கை மறக்க முடியாதது’, ‘சிட்டுக்குருவிகளாய்ப் பறந்து திரிந்தோம்’ என்று எண்பது கட்டுரை வரும். எல்லாம் ஒரே கட்டுரைதான், பெயர் மட்டும் மாறியிருக்கும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ‘பள்ளி நினைவுகள் என்ற தலைப்பில் எழுதுக’ என்று கேட்டால் பரீட்சைக்கு எழுதுகிற மாதிரிதான் எழுதுவார்கள். கேள்வியை மாற்று. இந்த வகுப்புக்கு மட்டுமே பொருந்துகிற கேள்வியாகக் கேள்.

அதற்கு அவர்கள் கடந்து வந்த வருடங்களை நீ கையில் வைத்திருக்க வேண்டும். இடையில் விடுபடாமல் வந்தவர்கள் 2014-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2019 ஆகஸ்டில், கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்வியாண்டு முடியும் முன்பே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மூன்றாம் பருவத் தேர்வே இல்லாமல் ஏழாம் வகுப்புக்குத் தேர்ச்சி. ஏழாம் வகுப்பு முழுவதும் ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்காரவில்லை. 2021 ஜனவரியில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும், பிப்ரவரியில் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் திறந்தார்கள், இவர்களுக்குத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்பில் 2021 நவம்பர் 1-ல்தான் உள்ளே வந்தார்கள். ஆறாம் வகுப்புச் சீருடை யாருக்கும் சேர்ந்திருக்காது. இரண்டே மாதத்தில் ஒமைக்ரான் கொரோனா வந்தது, 2022 ஜனவரியில் மூடி பிப்ரவரியில் திறந்தார்கள். இல்லம் தேடிக் கல்வி வந்ததும் அந்த வருடம்தான். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு இவர்களுக்கு முழுதாகக் கிடைத்த முதல் வருடம் ஒன்பதாம் வகுப்புதான்.

பத்தாம் வகுப்பில் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, உங்கள் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்கள் தண்ணீரில் கிடந்தன. அரையாண்டுத் தேர்வு பாதியில் நின்றது. நோட்டும் புத்தகமும் போனவர்கள் மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு எழுதினார்கள். அடுத்த வருடம் பதினொன்றில் 2025 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு. 2017-18-ல் தொடங்கிய அந்தத் தேர்வை இந்த ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு நிறுத்திவிட்டார்கள். ஆக, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிய கடைசி செட் இவர்கள்தான். இவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதப் போவதில்லை. இதை அவர்களிடம் சொல்லிப் பார், எழுத வைக்க இது ஒன்றே போதும்.

இந்த வருடங்களை வைத்துக் கேள்வி போடு. ஏழாம் வகுப்பில் யாருடைய போனில் பாடம் பார்த்தாய், அந்தப் போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? டவர் கிடைக்க எங்கே போய் நின்றாய்? சத்துணவுக்குப் பதில் கொடுத்த அரிசியும் பருப்பும் வாங்க யார் வந்தார்கள்? எட்டாம் வகுப்பில் முதல் நாள் யாரை அடையாளம் தெரியவில்லை? வெள்ளத்தில் எந்தப் புத்தகம் போயிற்று, எதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாய்? காலையில் எந்த பஸ், எத்தனை மணிக்கு, தவறவிட்டால் அடுத்தது எது? மழை பெய்தால் வகுப்பில் எந்த இடத்தில் ஒழுகும், யார் அங்கே உட்கார்ந்தது? இப்படிப் பதினைந்து கேள்வி தயார் செய். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, அரைத்தாள், கடைசிப் பிரிவேளையில் பத்து நிமிடம், பத்து வரிக்கு மேல் வேண்டாம். வீட்டில் எழுதி வரச் சொல்லாதே. வீட்டுக்குப் போனால் கவிதையாகத் திரும்பி வரும், பாதி யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக இருக்கும். எழுதவே கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல், இன்னொருவன் எழுதிக்கொள்ளட்டும்.

வந்த தாள்களைப் பிள்ளை வாரியாக அடுக்காதே, கேள்வி வாரியாக அடுக்கு. ‘ஏழாம் வகுப்பு’ என்று தலைப்புப் போட்டு முப்பது பேரின் பதில்களை அடுத்தடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயரோடு போடு. அந்த அத்தியாயம்தான் மலரின் நடுவே நிற்க வேண்டியது. அந்த வருடத்துக்கு அவர்களிடம் வகுப்புப் போட்டோ கிடையாது, ஆண்டு விழா கிடையாது, பதிவேட்டில்கூட ஒன்றும் இருக்காது. அந்த எழுத்து மட்டும்தான் இருக்கும். பிழைகளைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே. ‘அங்கன’, ‘இங்கன’ என்று எழுதியிருந்தால் அப்படியே விடு.

எல்லாரும் ஏதாவது ஒரு இடத்தில் வந்திருக்கிறார்களா என்று பட்டியலில் டிக் அடித்துப் பார்த்துக்கொண்டே வா. நன்றாக எழுதுகிற ஆறு பேர் புத்தகத்தையே பிடித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு மூன்று இடத்துக்கு மேல் கொடுக்காதே.

பட்டப்பெயர் பக்கம் ஒன்று வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்த விஷயத்தில் கறாராக இரு. நிறம், உடம்பு, திக்குவாய், தகப்பன் தொழில் இவற்றைத் தொடுகிற எதுவும் வேண்டாம். சாதியைத் தொடுகிற அடைமொழி, தலைவர் படம், வண்ணம், கயிறு, ‘ஆண்ட’, ‘சிங்கம்’ வகையறா எதுவும் நுழையக் கூடாது. நம் பக்கத்தில் இது எங்கே போய் முடியும் என்று 2023-ல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியபோது பார்த்தோம். கவிதைக்குள் ஒளிந்து வரும், போட்டோவில் சட்டைப்பையில் தெரியும். அச்சுக்குப் போகும் முன் அந்தக் கண்ணோடு ஒரு தடவை முழுவதும் பார். அதேபோல் போன் நம்பர், முகவரி, இன்ஸ்டா பெயர் எதையும் அச்சிடாதே. மலர் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது, பெண் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. வேண்டியவர்கள் ஆட்டோகிராஃப் பக்கத்தில் தங்கள் கையால் எழுதிக் கொடுக்கட்டும்.

வாழ்த்துரைகளுக்கு மொத்தமாக இரண்டு பக்கம். முதன்மைக் கல்வி அலுவலர், எம்எல்ஏ, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு பக்கம் கொடுத்தால் எட்டுப் பக்கம் போகும், அதைவிட அவர்களுக்காகக் காத்திருந்தே புத்தகம் தள்ளிப்போகும். ஜனவரி 20-க்குள் வராதது இல்லை என்று தலைமையாசிரியர் வாயாலேயே சொல்ல வைத்துவிடு. மிச்சமாகும் இடத்தில் சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், காவலாளி, மாறுதலில் போன ஆசிரியர்கள் எல்லாரையும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று போடு.

போட்டோ. காலை ஒன்பது மணிக்குள், கட்டட நிழலில் நிற்க வைத்து எடுக்கச் சொல். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் இருக்கும். மர நிழல் வேண்டாம், முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். ஒரு பிரிவில் 44 பேர் என்றால் முன்னால் பெஞ்சில் 14, நடுவில் தரையில் நிற்க 15, பின்னால் பெஞ்சின் மேல் 15. பெஞ்ச் ஆடுகிறதா என்று முதலில் பார். ஆசிரியர்களை எல்லாம் முன்வரிசையில் உட்கார வைத்தால் பிள்ளைகளின் முகம் சிறுத்துவிடும். ஆசிரியர்களுக்குத் தனிப் படம், பிரிவுக்கு வகுப்பாசிரியர் மட்டும். எடுத்து முடித்ததும் யாரையும் கலைய விடாதே. உன் போனில் வீடியோ போட்டு, பார்க்கிறவருக்கு இடப்பக்கம் இருப்பவரிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லிக்கொண்டே வரட்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஜனவரியில் உட்கார்ந்து பெயர் எழுதினால் நடுவில் ஒருவர் விடுபடுவார், அவருக்கு வலப்பக்கம் இருக்கும் அத்தனை பேருக்கும் பெயர் மாறிவிடும். ‘இடமிருந்து வலம்’ என்பதை மாணவர்களின் இடக்கையிலிருந்து எழுதி முழு வரிசையும் தலைகீழாகப் போவதும் சாதாரணமாக நடக்கிற தப்பு. அன்று வராதவர்களின் படத்தைக் கூட்டத்துக்குள் வெட்டி ஒட்டாதே, ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டுத் தனியாக வை.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சல் வந்தால் அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். இரண்டு பக்கத்துக்கும் விரிகிற 14 அங்குல குரூப் போட்டோவுக்கு 4200 பிக்சல் வேண்டும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல், இல்லை பென் டிரைவில் வாங்கு. கையெழுத்துத் தாள், பென்சில் படம் எல்லாவற்றையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய். போனில் எடுத்தால் தாளின் நிழலும் சேர்ந்து அச்சாகும்.

அச்சகத்தில் சொல்ல வேண்டியது இது. அளவு ஏழுக்கு ஒன்பதரை அங்குலம், அதாவது கிரவுன் நாலில் ஒன்று. ஏ4 பையில் மடங்கும், டெம்மி எட்டில் ஒன்றில் முகங்கள் சிறுத்துவிடும். உள்பக்கம் 64. இந்த அளவில் ஆஃப்செட்டுக்கு ஒரு பாரம், அதாவது ஒரு பெரிய தாளில் அச்சாகி மடிவது, 8 பக்கம், 64 என்றால் எட்டு பாரம் சரியாக வரும். டிஜிட்டலில் நாலின் மடங்காக இருந்தால் போதும், அதற்கும் சரி. இரண்டு பிரிவும் சேர்த்து 88 பிள்ளைகள், ஆசிரியர்கள், நூலகம் எல்லாம் கூட்டினால் 120 பிரதி. இந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல்தான் கட்டுபடியாகும், ஆஃப்செட்டில் பிளேட் செலவே தின்றுவிடும். ஜூனியர்களுக்கும் சேர்த்து ஐநூறு போடுவதாக இருந்தால் கணக்கு மாறும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ, பளபளப்பில்லாத சாதாரணத் தாள். வண்ணப் படங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் 8 பக்கம், அது நடுவில் 29 முதல் 36 வரை வரும்படி பக்கம் கட்டு. அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தி கிரீசிங் போடச் சொல், போடாவிட்டால் மடிப்பில் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

நடு மடிப்பில் அடிக்கிற சென்டர் பின் போதும். இந்த மெல்லிசுக்கு முதுகில் கோந்து ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போட்டால் கோந்து பிடிக்க முதுகு போதாது, ஒரு வருடத்தில் தாள் கழன்று வரும். ஆனால் பின் அடிக்கும்போது நடுப்பக்கங்கள் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளும், வெட்டும்போது அந்தப் பக்கங்களில் ஓரம் குறையும். எனவே பக்க எண்ணும் பெயர்களும் ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். ஓரம் வரை போகிற படத்துக்கு வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் விடு. குரூப் போட்டோ இரண்டு பக்கத்துக்கு விரிந்தால் நடு மடிப்பில் ஒரு முகம் சிக்கும். ஆர்ட் பேப்பரின் நடுவான 32, 33-ல் மட்டும் அப்படி வை, அங்கேயும் மடிப்பு இரண்டு பேருக்கு நடுவில் விழும்படி நகர்த்து. இரண்டாவது பிரிவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றால் இரண்டு படத்தையும் ஒரே அளவில் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடு. அதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது.

கறுப்பு வெள்ளையில் போகிற முகங்கள் மேப்லித்தோவில் இன்னும் கறுத்துவிடும். நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் தூக்கச் சொல். ஆனால் வண்ணப் படங்களில் டிசைனர் தானாகவே எல்லாரையும் வெளுக்க வைப்பார், அதற்கு இடம் கொடுக்காதே. பிள்ளைகள் அவரவர் நிறத்தில் இருக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில் கவனம். பிள்ளைகள் போனில் அடிப்பது யூனிகோட். அச்சகத்தில் பக்கம் கட்டும் மென்பொருள் பழைய பேஜ்மேக்கராக இருந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் போடுவார்கள். மாற்றும்போது ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ உடையும், ‘ஸ்ரீ’ கட்டமாக நிற்கும். ‘ஸ்ரீவைகுண்டம்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிற புத்தகத்தில் இது பெரிய தலைவலி. இன்டிசைனில் செய்கிற இடமாகப் பார். அதிலும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் புரூஃபைத் திரையில் பார்க்காதே, தாளில் எடுத்துப் பார். பெயர்களை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் கையெழுத்துத் தாளிலிருந்து எழுத்தெழுத்தாகப் படிக்க மற்றவர் புரூஃபில் பார்க்க வேண்டும். இரண்டாம் புரூஃபில் திருத்திய வரியை மட்டும் பார்த்துவிட்டு விடாதே. ஒரு வரி திருத்தினால் அடுத்த பக்கத்தின் படவிளக்கம் நகர்ந்திருக்கும்.

கடைசி 11 பக்கம் ஆட்டோகிராஃபுக்கு. பக்கத்துக்கு எட்டுக் கட்டம், 88 பேர். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரை அச்சிட்டு, கீழே வெறுமையாக விடு. பெயர் அச்சில் இருந்தால் பேசிக்கொள்ளாதவர்களும் போய் எழுதி வாங்குவார்கள். அந்தப் பக்கங்கள் கண்டிப்பாக மேப்லித்தோதான். ஆர்ட் பேப்பரில் ஜெல் பேனா காயாமல் அப்பிவிடும்.

பணம் பற்றி ஒன்று. பிள்ளைகளிடம் கட்டாய வசூல் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் தீர்மானம் போட்டு, பழைய மாணவர்களிடமும் கடைக்காரர்களிடமும் வாங்கு, ரசீது கொடு. விளம்பரம் அட்டையின் உள்பக்கம் இரண்டும் பின்னட்டையும் மட்டும். பிள்ளைகள் எழுதியதற்கு நடுவில் நகைக்கடை வரக் கூடாது. இரண்டு அச்சகத்தில் விலை கேள், ஆனால் மேலே எழுதிய அளவு, தாள், பக்கம், அட்டை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கேள். வாயால் கேட்டால் ஒருவர் 70 ஜிஎஸ்எம்முக்குச் சொல்வார், இன்னொருவர் 80-க்குச் சொல்வார், எது மலிவு என்றே தெரியாது.

பெயர்த் தாள் முடிந்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. முதல் புரூஃபும் வரட்டும், பெயர்களை நான் ஒரு முறை படிக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது 7-ஆம் வகுப்புத் தாள்களைக் கையோடு கொண்டுவா. அம்மாவுக்கும் படிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 2019-20 வருகைப் பதிவேடு வெள்ளத்தில் நனைந்திருந்தால் ஒட்டிய தாள்களைப் பிய்க்காதே. அலுவலகத்தில் எமிஸ் பழைய பட்டியல் கேட்டுப் பார், இல்லையேல் அந்த வருட ஆறாம் வகுப்பு ஆசிரியரைக் கேள். பாதிப் பெயரை அவர் மனப்பாடமாகச் சொல்வார், மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.